வெளிநாட்டில் முதுநிலைப் படிப்பும் உதவித்தொகையும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையில் ஐரோப்பாவில் நீரியல் படித்தவள் நான். இப்போது அந்தத் துறையிலேயே வேலை செய்துகொண்டு, விண்ணப்பிக்கிறவர்களின் நோக்கக் கடிதங்களையும் (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்குவது) படித்துத் தருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

திருச்சி: அக்கா, எராஸ்மஸ் முண்டஸ் என்பது ஒரு பல்கலைக்கழகமா? எங்கே விண்ணப்பிப்பது? எத்தனை படிப்புகளுக்கு விண்ணப்பிக்கலாம்?

பல்கலைக்கழகம் இல்லை, ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் பணம் கொடுத்து நடத்தும் திட்டம். வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த மூன்று பல்கலைக்கழகங்களாவது கூட்டுச் சேர்ந்து ஒரே முதுநிலைப் படிப்பை நடத்தும். நிலத்தடி நீரும் உலகளாவிய மாற்றமும் என்ற படிப்பை எடுத்துக்கொண்டால் லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன் மூன்றும் அதில் பங்காளிகள். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணமும் காப்பீடும் அவர்கள் பொறுப்பு. அதற்கு மேல் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதங்களுக்கு வரும். விமானச் செலவும் விசாச் செலவும் அந்த 1,400-க்குள்தான் அடங்கும்.

மையமான விண்ணப்பப் படிவம் என்று எதுவும் கிடையாது. ஒன்றியத்தின் பட்டியலைப் பார்த்து, அந்தந்தப் படிப்பின் இணையதளத்தில் நேராக விண்ணப்பிக்க வேண்டும். பெரும்பாலானவை அக்டோபரில் திறந்து ஜனவரிக்குள் மூடிவிடும். முன்பு ஆண்டுக்கு மூன்று படிப்புகள்தான் என்ற வரம்பு இருந்தது, இப்போது இல்லை. அதற்காகப் பத்துக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பத்து இடத்துக்கு அனுப்பியதை, படிக்கிறவர் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். மூன்று அல்லது நான்கு போதும்.

மதுரை: இறுதியாண்டு படிக்கிறேன். சிஜிபிஏ 7.1. இரண்டு அரியர் இருந்தது, முடித்துவிட்டேன். எனக்கெல்லாம் கிடைக்குமா அக்கா?

இறுதியாண்டில் இருந்துகொண்டே விண்ணப்பிக்கலாம். சேரும் முன் பட்டம் கையில் இருக்க வேண்டும். 7.1 உங்களைப் பின்னுக்குத் தள்ளும், அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புகள் பல மதிப்பெண், கடிதம், அனுபவம், பரிந்துரை எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி போடுகின்றன. மதிப்பெண்ணில் விட்டதை மற்றவற்றில் எடுக்க இடமுண்டு. அரியர் பற்றி அவர்கள் கேட்காமல் நீங்களாக நான்கு வரி விளக்கம் எழுத வேண்டாம். நீங்கள் போகும் துறைக்கான பாடத்தில்தான் அரியர் என்றால் மட்டும் ஒரு வரி சொல்லுங்கள்.

இந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: ஒரு கூட்டமைப்பு தரும் உதவித்தொகைகளில் ஒரே நாட்டவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. நீங்கள் உலகத்தோடு போட்டியிடுவதைவிட மற்ற இந்தியர்களோடுதான் அதிகம் போட்டியிடுகிறீர்கள். கூட்டம் மொய்க்கும் தரவு அறிவியலை விட்டு, உங்கள் துறையிலேயே ஆள் குறைவாக வரும் படிப்பைத் தேடுங்கள்.

யாழ்ப்பாணம்: அக்கா, நோக்கக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். எங்கே பிழை என்று சொல்லுங்கள். நிலத்தடி நீர்ப் படிப்புக்குத்தான்.

தம்பி, முதல் பத்தி முழுவதையும் எடுத்துவிடுங்கள். சிறு வயதிலிருந்தே நீர் மீது ஆர்வம், நீரின்றி வாழ்வில்லை, உலகம் தண்ணீர்ப் பஞ்சத்தை எதிர்நோக்குகிறது... இதை அந்தப் பேராசிரியர்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் படிக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தின் உயிர் நான்காவது பத்தியில் ஒளிந்திருக்கிறது. கோப்பாய்ப் பக்கம் வெங்காயத் தோட்டக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்று (நைட்ரேட்) அளந்தேன், சிலவற்றில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த எல்லை அதுதானே! அதைத் தூக்கி முதல் வரியில் வையுங்கள். அடுத்து, வற்றாத ஆறில்லாத குடாநாடு சுண்ணாம்புக்கல் நீரை நம்பியே வாழ்கிறது, உரமும் மலக்குழியும் அந்தக் கல்லின் வெடிப்புகள் வழியே நேராகக் கிணற்றுக்குப் போகின்றன என்று இரண்டு வாக்கியம். பிறகு உங்களால் முடியாமல் போனதைச் சொல்லுங்கள். கிணற்றில் அளக்கத் தெரிந்தது; அந்த நைத்திரேற்று எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை ஆண்டு நடந்து வந்தது என்று கணக்கிடத் தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பாடம் மூன்று பல்கலைக்கழகங்களில் எங்கே நடக்கிறது என்று பாடத்திட்டத்தைத் திறந்து பார்த்துப் பெயரோடு எழுதுங்கள். அதற்குப் பிறகு ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.

கடைசிப் பத்தியில் நாட்டுக்குச் சேவை செய்வேன் என்றிருக்கிறது. எந்த அலுவலகத்தில், என்ன வேலையாக என்று எழுத முடிந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் அதுவும் வேண்டாம்.

சேலம்: பரிந்துரைக் கடிதம் கேட்டால், ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்கிறார் எங்கள் துறைத் தலைவர். என்ன செய்வது?

நம் கல்லூரிகளில் இதுதான் வழக்கம் என்பது தெரிந்ததே. மறுத்துப் பேசிப் பயனில்லை, ஆனால் கடிதத்தையும் நீங்கள் எழுதித் தராதீர்கள். ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவரிடம் எந்தப் பாடம் படித்தீர்கள், எந்தச் செயல்திட்டம், அதில் நீங்கள் செய்த பகுதி எது, அவர் பாராட்டிய தருணம் எது. நல்லவர்கள் அதை வைத்துத் தாமே எழுதிவிடுவார்கள். துறைத் தலைவர் என்ற பதவிக்காக அவரிடம் போவதைவிட, உங்களை ஆய்வகத்தில் பார்த்த உதவிப் பேராசிரியரிடம் போவது மேல். கடிதம் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து போகட்டும். ஜிமெயில் முகவரியைச் சில படிவங்கள் ஏற்பதே இல்லை.

நாகர்கோவில்: எனக்குக் குடும்பப் பெயர் இல்லை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகரமாட்டேன் என்கிறது.

இதே கேள்வியைப் பதினைந்து பேராவது கேட்டிருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதுதான் எல்லா இடத்திலும் உங்கள் பெயர். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பதிவு, விண்ணப்பம், பிறகு விசா எல்லாம் எழுத்துக்கு எழுத்து அதைப் பின்பற்றட்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்து படிவம் அடம்பிடித்தால், கட்டத்தில் என்ன போடுவது என்று அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். பதிலைப் பத்திரமாக வையுங்கள், விசாவின்போது உதவும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிவிடுங்கள். விமானத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அதற்கு ஓடாதீர்கள்.

விழுப்புரம்: நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். அப்பா கூலி வேலை. அரசு உதவி ஏதாவது உண்டா?

உண்டு, இரண்டு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. 35 வயதுக்குள் இருக்க வேண்டும், 60 சதவீத மதிப்பெண், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள். உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையிடம் கேளுங்கள். சாதிச் சான்றிதழ் கையில் இருக்கும். தாலுகா அலுவலகத்தில் வருமானச் சான்றிதழைப் புதிதாக இப்போதே வாங்கிவிடுங்கள். பல விண்ணப்பங்கள் அதற்காகத்தான் நிற்கின்றன.

கோவை: சார்... மன்னிக்கவும், மேடம். மூன்று ஆண்டு வேலை அனுபவம் இருக்கிறது. செவனிங், டாட் இரண்டில் எது எனக்குச் சரி?

யார் பணம் தருகிறார்கள், எதற்காகத் தருகிறார்கள் என்று பாருங்கள், விடை தானாக வரும். செவனிங் பிரிட்டிஷ் அரசின் வெளியுறவுத் துறைப் பணம். நாளை உங்கள் ஊரில் முடிவெடுக்கும் இடத்துக்கு வரப்போகிறவரை இன்றே நண்பராக்கிக்கொள்வதுதான் அதன் நோக்கம். அதனால் தலைமை, தொடர்புகள் பற்றிக் கட்டுரை கேட்கிறது. 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறது. முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்கச் சொல்கிறது. அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் எபோஸ் திட்டம் ஜெர்மனியின் வளர்ச்சி உதவிப் பணம். இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக்கூடாது. நீர், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம் போன்ற துறைகளில் வேலை செய்பவர் திரும்பிப் போய் அதே துறையை உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. மென்பொருள் நிறுவன வேலையை வைத்துக்கொண்டு அங்கே வாதாடுவது கடினம்.

சென்னை: உதவித்தொகை இல்லாமலே ஜெர்மனி போகலாமா? என் 8.2 அங்கே என்ன ஆகும்?

போகலாம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டவருக்குக் கட்டணம் வைத்துவிட்டது. மாதாமாதம் குறிப்பிட்ட அளவே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் இந்தியர்களுக்குக் கட்டாயம்.

மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றப் பவேரியச் சூத்திரம். உச்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி எல்லை 5 என்றால் உங்கள் 8.2 ஏறக்குறைய 2.1 ஆகும், எல்லை 4 என்றால் 1.9. ஜெர்மனியில் எண் குறையக் குறைய நல்லது. மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தேர்ச்சி எல்லை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கடிதம் வாங்குங்கள்.

ஈரோடு: எராஸ்மஸ் வாங்கித் தருகிறோம் என்று ஒரு ஆலோசனை நிறுவனம் ஒன்றரை லட்சம் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். தேர்வில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இல்லை.

மட்டக்களப்பு: காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம்பலாமா? கிடைத்தால் கையில் எவ்வளவு காசு வேண்டும்?

நம்பலாம், ஆனால் வேலையை விடாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் தேர்வானவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விடுவார்கள், அப்போது பட்டியல் நகரும். இன்னமும் விருப்பமாக இருக்கிறேன் என்று ஒரே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், வாரந்தோறும் வேண்டாம்.

காசு விஷயம் யாரும் சொல்வதில்லை. முதல் மாதத் தொகை பெரும்பாலும் அங்கே போய்ப் பதிவு செய்து வங்கிக் கணக்கு திறந்த பிறகே வரும். அதற்கு முன் விமான டிக்கெட், விசா, அறைக்கான முன்பணம், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் உங்கள் பையிலிருந்து போகும். 2,000 யூரோவுக்குச் சமமான தொகையையாவது ஒதுக்கி வையுங்கள். டெல்ஃப்ட் போன்ற ஊரில் அறை கிடைப்பதே பெரும்பாடு. பல்கலைக்கழகம் அறை ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் வாடகை கூடுதலாக இருந்தாலும் முதல் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சில நாடுகளுக்குக் கொழும்பில் தூதரகம் இல்லை, டெல்லி வழியாகத்தான் விசா. அப்படியென்றால் பட்டச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சில் உறுதிப்படுத்தும் வேலையை முடிவு வரும்வரை காத்திராமல் இந்த வாரமே தொடங்குங்கள்.