குளூட்டன் என்றால் என்ன? யாங்கோன் வீட்டில் அது இல்லாமல் இரவுச் சாப்பாடு சமைக்க முடியுமா?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் வலைபோலப் பின்னிக்கொள்ளும். அதனால்தான் பரோட்டா மாவை விசிறலாம். அரிசிமாவை இழுத்தால் உதிரும். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், உடல் தன் சிறுகுடலையே தாக்கும்.

பர்மாவில் பாதிக் கவலை இல்லை. மொஹிங்கா, அதாவது மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், அரிசி நூடுல்ஸில் செய்வது. மீன் குழம்பைக் கெட்டியாக்க வறுத்த அரிசிப்பொடியோ கடலைமாவோ போதும். மழை இரவுக்கு அதைவிட இதமான சாப்பாடு எனக்குத் தெரியாது! அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கலவைக்கான கோதுமை நூடுல்ஸ் வேண்டாம். சோயா சாஸிலும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை ஒளிந்திருக்கும், லேபிளைப் பாருங்கள்.

ஒட்டும் அரிசியில் குளூட்டன் இருக்கிறது என்று பலர் ஒதுக்குகிறார்கள். அந்தப் பிசுபிசுப்பு வெறும் மாவுச்சத்துதான், தாராளமாகச் சாப்பிடலாம்.