காரம் தாங்காத தோழியோடு காரைக்குடியில் சாப்பிடுவது எப்படி?

கேள்வி: கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி இப்போது புனேயில் வசிக்கிறார். சென்ற ஆண்டு பிள்ளையார்பட்டிக்கு வந்தபோது காரைக்குடியில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். எல்லாவற்றையும் ருசி பார்க்கட்டும் என்று கோழி, நண்டு, காடை, சுக்கா எல்லாம் சொன்னேன். இரண்டு வாய்க்கு மேல் அவரால் முடியவில்லை. தயிர் சாதத்தோடு எழுந்துவிட்டார். “எங்கள் ஊர்ச் சாப்பாடே இதுதான்” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. பில்லையும் அவரே கொடுத்துவிட்டார். தை மாதம் மறுபடி வருகிறார். இந்த முறையும் வெளியில்தான் சாப்பிட வேண்டும் என்கிறார். வீட்டிலேயே சமைத்துப் போட்டுவிடலாமா? – வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் அம்மா, அவர் ஆசைப்படியே வெளியில் சாப்பிடுங்கள். போன முறை முகம் வாடியவர் மறுபடியும் உங்களோடு ஹோட்டலுக்குத்தான் வருவேன் என்கிறார். அவருக்கு உங்கள் மேல் வருத்தம் இருந்தால் அப்படிக் கேட்பாரா?

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பிடப் போகிறவரிடம் கேட்காமல் நீங்களே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்கள். விருந்தாளியின் இலை நிறைய வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழக்கம். அதில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த அன்பு அவர் வயிற்றையும் விசாரித்திருக்க வேண்டும்.

“எங்கள் ஊர்ச் சாப்பாடே இதுதான்” என்றீர்களே, அது எனக்கு நிஜமாகவே வலித்தது. மிளகாய் போர்த்துகீசியர் வழியாக இந்த நாட்டுக்கு வந்த சரக்கு. அதற்கு முன்பு நம் சமையலுக்குக் காரம் கொடுத்தது மிளகுதான். செட்டிநாட்டுக் குழம்பை அடையாளம் காட்டுவது கல்பாசியும் மராத்தி மொக்கும் அன்னாசிப்பூவும் சோம்பும் சேர்ந்து எழுப்பும் வாசனை. ஊர் ஊராக ‘செட்டிநாடு’ என்று போர்டு மாட்டிய கடைகள் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டி, நம் சமையலுக்கு ஒரு கெட்ட பெயரை வாங்கித் தந்துவிட்டன. அதை நாமே ஒப்புக்கொண்டு பேசலாமா?

அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து வைக்கும் வெண்டைக்காய் மண்டி, இடியாப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய் கோசமல்லி, தேங்காய்ப்பாலில் ஊறிய பால் பணியாரம், கருப்பட்டியும் நெய்யும் மணக்கும் கும்மாயம், பர்மாவுக்கு வாணிபம் செய்யப் போனவர்களோடு வந்து நம் விசேஷ இலைகளில் இடம்பிடித்த கவுனி அரிசி. இவற்றில் ஒன்றைக்கூட உங்கள் தோழி பார்க்கவில்லை. எல்லா ஹோட்டலிலும் எல்லாம் கிடைக்காது. முதல் நாளே போன் செய்து என்ன இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; சில இடங்களில் முன்கூட்டிச் சொன்னால் செய்தும் தருவார்கள்.

மதியம் போனால் ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். குழம்பெல்லாம் காலையிலேயே பெரிய பாத்திரத்தில் கொதித்து இறங்கியிருக்கும். ஒரு மணிக்கு உட்கார்ந்துகொண்டு “காரம் கம்மியாக” என்றால் பரிமாறுபவர் தலையாட்டுவார், வருவது அதே குழம்புதான். கேட்டபின் அடுப்பில் ஏறும் ஆம்லெட், மீன் வறுவல், மிளகுக்கறி மாதிரியானவற்றுக்கு மட்டும் அப்படிச் சொல்லுங்கள். பல மெஸ்களில் ஒரு பெரிய தட்டில் சுக்கா, காடை, நண்டு என்று கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக்கொண்டு வந்து மேஜையருகில் நீட்டுவார்கள். காட்டியதற்கெல்லாம் சரி சொல்லிவிடாதீர்கள். ஒன்றே ஒன்று வாங்கி, இருவரும் பகிர்ந்து, பிடித்திருந்தால் அடுத்ததைச் சொல்லுங்கள்.

எரிந்தால் தண்ணீரை நீட்டாதீர்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது. ஒரு கரண்டி தயிர் கேட்டு வாங்குங்கள். அவர் தயிர் சாதத்துக்கு வந்துவிட்டால் அதையும் நிம்மதியாகச் சாப்பிட விடுங்கள். “அவ்வளவுதானா?” என்ற ஒரு வார்த்தைகூட வேண்டாம்.

என்னைக் கேட்டால், முதல் வேளையை மாலை டிபனாக வைத்துக்கொள்வேன். சூடான வெள்ளைப் பணியாரம் வாங்குங்கள். பச்சரிசியும் உளுந்தும்தான், அதில் காரமே கிடையாது. காரம் முழுக்கப் பக்கத்தில் இருக்கும் சட்னியில். எவ்வளவு தொட்டுக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

பில் விஷயத்தை இலை போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். “இங்கே நான் கொடுக்கிறேன், புனேக்கு வரும்போது நீ கொடு” என்றால் முடிந்தது. கல்லாப் பக்கம் இழுபறி வேண்டாம்.

போன முறை சொன்னதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றியதால்தான் இந்தக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். தை வரை காத்திருக்காமல் இந்த வாரமே அவரைக் கூப்பிடுங்கள். அந்தப் பேச்சிலேயே, வயிற்றுப்புண் ஏதும் இருக்கிறதா, எது ஒத்துக்கொள்ளாது, கோயிலுக்கு வரும் நாளில் கறி சாப்பிடுவாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.