கம்பெனி சொல்லும் குதிரைத்திறன் டைனோவில் ஏன் வருவதில்லை?

கேள்வியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது, வண்டியை டைனோவில் (சக்கரத்தை உருளை மேல் ஓடவிட்டு சக்தியை அளக்கும் கருவி) ஏற்றிவிட்டு, கையில் அந்தத் தாளோடு வயிற்றெரிச்சலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையது டீசல் ஹேட்ச்பேக். கம்பெனி சொன்னது 75 பிஎஸ் (பிஎஸ், பிஎச்பி இரண்டும் குதிரைத்திறனைச் சொல்லும் அலகுகள்). ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் நிரலை மாற்றி சக்தியைக் கூட்டுவது) செய்வதற்கு முன்னால் இருப்பதை அளந்துவிடலாமே என்று கோயம்புத்தூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். மே மாதம், மத்தியானம், தகர ஷெட். முன்சக்கரங்களை உருளை மேல் ஏற்றி, பட்டை போட்டு இறுக்கி, பானெட்டைத் திறந்து எதிரே பெரிய ஃபேன் வைத்தார்கள். நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தார் கடைப் பையன். திரையில் 62 பிஎச்பி. அடுத்தது 61. மூன்றாவது 59. நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

ஊருக்கு வந்து வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குடியாத்தத்தில் ஒரு காதுகுத்து, பந்தியில் பக்கத்து இலையில் மச்சான். சொல்லித் தொலைத்தேன். "இன்னா மாமா, பதிமூணு குதிரை காட்பாடி மேம்பாலத்துலயே எறங்கிடுச்சா?" என்றான் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. அன்றைக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் கிணற்றில் ஒரு பழைய மோட்டார் இருந்தது. தகட்டில் 5 எச்பி. பெல்ட் போட்டு பம்பை ஓட்டுவோம். அரைமணி ஓடினால் பெல்ட்டும் சூடு, பேரிங்கும் சூடு. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? அந்த 5 எச்பியிலிருந்துதான். (இன்றைக்கு இழுக்கத் தண்ணீரே இல்லை. பாலாற்றில் மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனவர்களை யார் கேட்டார்கள்? சரி, விடுங்கள்.)

காரிலும் அதே கதை. கம்பெனி அளப்பது எஞ்சினைத் தனியாக மேடையில் பூட்டி, சக்தி எஞ்சினை விட்டு வெளியே வரும் கிராங்க் தண்டின் முனையில். டைனோ அளப்பது சக்கரத்தில். நடுவில் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஆக்ஸில், உருளை மேல் நசுங்கும் டயர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்னும். என் மாதிரி மேனுவல் வண்டிக்கு 15 சதவீதம் வரை போகும் என்பது பொதுவான கணக்கு. அப்புறம் பிஎஸ் வேறு, பிஎச்பி வேறு. 75 பிஎஸ் என்பது 74 பிஎச்பிதான். அதில் 15 சதவீதம் கழித்தால் ஏறக்குறைய 63. எனக்கு வந்தது 62. ஒரு குதிரைக்காகவா இத்தனை பேச்சு வாங்கினேன்?

மிச்சம் வெயில். கம்பெனிக் கணக்கு பெரும்பாலும் 25 டிகிரிக்குத் திருத்தியது. நம்ம வேலூர் அக்னி நட்சத்திரத்தில் 42 டிகிரிக் காற்று அதைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் லேசு, எஞ்சினுக்குள் போகும் ஆக்ஸிஜனும் அவ்வளவு குறையும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ ஓரளவு சமாளிக்கும், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி நேரடியாக அடி வாங்கும். டைனோவின் சாஃப்ட்வேர் வெப்பத்துக்குத் திருத்தும்தான், ஆனால் வெப்ப உணரியைக் கண்ட இடத்தில் வைத்தால் திருத்தமும் கோணலாகும். அடுத்தடுத்து ஓட்டி டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறியதால்தான் எனக்கு 59 வந்தது.

"15 சதவீதம் என்று யார் சொன்னது" என்று சண்டைக்கு வராதீர்கள். எல்லா வண்டிக்கும் அதே எண் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிக்கு வக்காலத்தும் வாங்கவில்லை. 2001 மாடல் மியாட்டா என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு அமெரிக்காவில் 155 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்த மாஸ்டா, பிறகு 142 என்று திருத்தி, கார் வேண்டாம் என்பவர்களிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்னது. ஆனால் அந்த இரண்டு எண்ணுமே கிராங்கில் சொன்னது. சக்கரத்து எண்ணைக் கிராங்க் எண்ணோடு வைத்துக் கம்பெனியைத் திருடன் என்றால் எப்படி?

மச்சான் இப்போது 120 பிஎஸ் வண்டி வைத்திருக்கிறான். டைனோ செலவு என்னுடையது, வாடா என்று மூன்று முறை கூப்பிட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் வண்டி சர்வீஸில் நிற்கிறதாம்.