விலை வரம்பு இருந்தும் பில் ஏறுகிறதே, ஃபிக்ஸ்ட் டாரிஃப் எடுக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் மூன்று படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், பள்ளிக்குப் போகும் மகன், முப்பது வருடங்களுக்கும் மேலாக இங்கேயே இருக்கும் 71 வயது மாமியார். சூடேற்றுவதற்கு கேஸ் பாய்லர்தான். வருடத்துக்கு 3,400 யூனிட் மின்சாரமும் 12,000 யூனிட் கேஸும் ஆகிறது. மாதம் 190 பவுண்டு டைரக்ட் டெபிட்டில், அதாவது வங்கியிலிருந்து தானாகவே போகிறது, கம்பெனியில் எங்கள் கணக்கில் 410 பவுண்டு கூடுதலாக நிற்கிறது. அரசு விலைக்கு வரம்பு வைத்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை மாறுகிறது. இப்போது எங்கள் கம்பெனி ஒரு வருடத்துக்கு விலை மாறாத ஃபிக்ஸ்ட் டாரிஃப் தருகிறது: மின்சாரம் யூனிட்டுக்கு 26.1 பென்ஸ், கேஸ் 5.8 பென்ஸ், இடையில் விலகினால் இரண்டுக்கும் தலா 50 பவுண்டு. எடுக்கலாமா? இன்னொரு விஷயம். இந்த நாட்டில் இனி மின்வெட்டு வரும், சேமிப்பிலிருந்து 6,000 பவுண்டு எடுத்து வீட்டுக்கு பேட்டரி வாங்கிப் போடு என்கிறான் என் தம்பி. செய்யலாமா?

ஒரு வாசகி, ஜனவரி 2026

பதில்: தம்பியின் யோசனையை முதலில் ஓரமாக வையுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன். அவசரமானது டாரிஃப் விஷயம்தான். ஏப்ரலில் ஒரு மாற்றம் வருகிறது, அது தெரியாமல் கையெழுத்துப் போட்டால் நஷ்டம் உங்களுக்கு.

விலை வரம்பு என்றதும் 'இதற்கு மேல் பில் வராது' என்று நினைத்துக்கொள்கிறோம். ஜனவரி முதல் மார்ச் வரைக்கான வரம்பு 1,758 பவுண்டு என்று செய்திகளில் சொல்கிறார்களே, அது யாருடைய பில்லுக்கும் உச்சம் கிடையாது. வருடத்துக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் கேஸும் செலவழித்து, டைரக்ட் டெபிட்டில் பணம் கட்டுகிற ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு அது. வரம்பு உண்மையில் யூனிட் விலைக்கும், எவ்வளவு செலவழித்தாலும் நாள்தோறும் கட்ட வேண்டிய ஸ்டாண்டிங் சார்ஜுக்கும்தான். நீங்கள் அதிகம் செலவழித்தால் பில்லும் கூடும்.

அந்த வரம்பை நிர்ணயிப்பது அமைச்சர் இல்லை, ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. 2018இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின்படி 2019 ஜனவரியில் இது நடைமுறைக்கு வந்தது. கம்பெனி கேஸும் மின்சாரமும் மொத்தச் சந்தையில் என்ன விலைக்கு வாங்கும், கம்பிக்கும் குழாய்க்கும் என்ன கட்டணம், அரசுத் திட்டங்களுக்கு எவ்வளவு, நியாயமான லாபம் எவ்வளவு என்று கூட்டிப் போட்டு வரும் தொகைதான் வரம்பு. மொத்தச் சந்தை ஏறினால் அதுவும் ஏறும். ஒப்பந்தம் எடுக்காமல் சும்மா இருக்கும் வாடிக்கையாளரிடம் கம்பெனி இஷ்டத்துக்கு அடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. உலகச் சந்தையில் கேஸ் விலையைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலையும் இல்லை, அதனால் முடியவும் முடியாது.

மின்சார விலையும் கேஸைப் பின்தொடர்வதுதான் பலருக்குப் புரியாத இடம். காற்றாலை ஓடினாலும் அணு உலை ஓடினாலும், அந்த நேரத்துத் தேவையை நிறைவு செய்யக் கடைசியாக அழைக்கப்படும் நிலையம் கேட்கும் விலையே மொத்தச் சந்தையின் விலையாகிவிடும். பிரிட்டனில் பெரும்பாலான நேரம் அந்தக் கடைசி நிலையம் கேஸில் ஓடுவது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. ஆக, நார்வேயிலிருந்து குழாயிலும் கப்பலில் திரவமாகவும் வரும் கேஸின் விலை, உங்கள் வீட்டு விளக்குவரை வந்து சேர்கிறது.

எரிசக்தி விலையைக் குறைக்கிறோம் என்று எந்த அரசு சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: மீதியை யார், எப்போது கட்டுவார்கள்? 2022ஐ நினைத்துப் பாருங்கள். ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு கேஸ் விலை எகிறியது. 2023 ஜனவரிக்கு ஆஃப்ஜெம் கணக்குப் போட்ட வரம்பு 4,279 பவுண்டு. ஆனால் அரசின் விலை உத்தரவாதத் திட்டத்தால் சராசரி வீடு 2,500 பவுண்டு கணக்கில்தான் கட்டியது. வித்தியாசத்தைக் கருவூலம் கொடுத்தது, பெரும்பகுதி கடன் வாங்கி. தேவையான நேரத்தில் செய்த உதவி அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் மறைந்து போகவில்லை. வரியாக வேறொரு வருடத்தில் வருகிறது.

அதற்கு முந்தைய வருடத்துக் கதை இன்னும் நேரடியானது. 2021 இலையுதிர் காலத்தில் மொத்த விலை வரம்பைத் தாண்டிப் போனது. வாங்கும் விலைக்குக் கீழே விற்க வேண்டிய நிலையில் சிறு கம்பெனிகள் வரிசையாக விழுந்தன. கிட்டத்தட்ட முப்பது. வாடிக்கையாளர்களின் முன்பணம் காப்பாற்றப்பட்டது, வேறு கம்பெனிகள் அவர்களை ஏற்றுக்கொண்டன. அந்தச் செலவு எங்கே போனது என்கிறீர்களா? எல்லா வீடுகளின் ஸ்டாண்டிங் சார்ஜிலும்.

இப்போது ஏப்ரல் விஷயம். 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில், ஏப்ரல் 2026 முதல் சராசரி வீட்டுக்கு வருடம் 150 பவுண்டு குறையும் என்று அறிவித்தார்கள். பழைய காற்றாலை, சூரிய மின்நிலையங்களுக்குத் தரும் மானியத்தில் வீடுகள் மின்கட்டணம் வழியாகச் சுமந்துவந்த பங்கின் முக்கால் பாகத்தை மூன்று வருடங்களுக்கு அரசே ஏற்கிறது. வீடுகளுக்கு இன்சுலேஷன் போடும் ஒரு திட்டத்துக்காகப் பில்லில் சேர்த்துவந்த தொகையும் நிற்கிறது. மானியம் நிற்கவில்லை, பில்லிலிருந்து வரிப்பணத்துக்கு இடம் மாறியிருக்கிறது. அதே பட்ஜெட் வருமான வரி வரம்புகளை 2031 வரை உறைய வைத்ததையும் சேர்த்தே படியுங்கள். நீங்களும் கணவரும் சம்பளம் வாங்குபவர்கள் என்றால், இடது பையில் வந்ததில் கொஞ்சம் வலது பையிலிருந்து போகும். கேஸ் பில்லை விட மின்சார பில் அதிகமாக வரும் வீட்டுக்கும், குறைந்த வருமானத்தில் இருப்பவருக்கும் இந்த மாற்றம் நல்லது. என் கருத்தில் இது சரியான திசைதான்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஜனவரி வரம்பில் சராசரி விலை மின்சாரத்துக்கு 27.69 பென்ஸ், கேஸுக்கு 5.93 பென்ஸ். பகுதிக்குப் பகுதி கொஞ்சம் மாறும். ஸ்டாண்டிங் சார்ஜ் இரண்டும் சேர்ந்து நாளுக்கு 90 பென்ஸுக்கு ஒரு துளி குறைவு. உங்கள் யூனிட்டுகளை வைத்துப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 1,980 பவுண்டு. ஃபிக்ஸ்ட் விலையில், ஸ்டாண்டிங் சார்ஜ் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், சுமார் 1,910. எழுபது பவுண்டு மிச்சம் போலத் தெரிகிறது.

ஏப்ரலைச் சேர்த்துப் பாருங்கள். சும்மா வரம்பிலேயே இருந்தால், மற்ற எதுவும் மாறாவிட்டால், ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒன்பது மாதத்துக்கு அந்த 150இல் 112 பவுண்டு குறையும். 1,980 என்பது 1,868 ஆகிவிடும், ஃபிக்ஸ்டை விடக் குறைவு! ஆனால் உங்கள் கம்பெனி இந்தக் குறைப்பை ஃபிக்ஸ்ட் வாடிக்கையாளருக்கும் கொடுத்தால் அந்த 1,910 சுமார் 1,800 ஆகும், அப்போது ஃபிக்ஸ்ட்தான் லாபம். எல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. "ஏப்ரல் 2026 பட்ஜெட் குறைப்பு இந்த டாரிஃபில் முழுவதும் எனக்குக் கிடைக்குமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் "ஆமாம் மேடம்" என்று சொன்னால் போதாது. எழுத்தில் ஆம் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மழுப்பினால் பொறுங்கள். ஏப்ரலுக்கான வரம்பை ஆஃப்ஜெம் பிப்ரவரி கடைசியில் அறிவித்துவிடும். அதற்குப் பிறகும் ஃபிக்ஸ்ட் டாரிஃப்கள் கிடைக்கும், அவற்றில் இந்தக் குறைப்பு ஏற்கெனவே கழிந்திருக்கும்.

வேறு கம்பெனிகளின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள், விலகல் கட்டணம் இல்லாத ஃபிக்ஸ்ட் டாரிஃப்களும் உண்டு. கட்டணம் உள்ள ஒப்பந்தத்திலும் முடிவதற்கு முந்தைய 49 நாட்களுக்குள் மாறினால் அதை வாங்கக் கூடாது என்பது விதி. அப்புறம், ஃபிக்ஸ்ட் என்பது விலையைத்தான் நிறுத்துகிறது. பனிக்காலம் நீண்டால் யூனிட் கூடும், பில்லும் கூடும்.

நான் ஏன் பொதுவாக ஃபிக்ஸ்டுக்கு ஆதரவு என்றால், ஐம்பது பவுண்டு மிச்சத்துக்காக இல்லை. வரம்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். 2022 போல ஒரு வருடம் மறுபடி வந்தால் அரசு கை கொடுக்குமா, எவ்வளவு கொடுக்கும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக் கடன், பள்ளிச் செலவு என்று மாதம் இறுக்கமாக ஓடும் குடும்பத்துக்கு ஒரு தொகை நிலையாக இருப்பதே காசுக்குச் சமம்.

நீங்கள் கேட்காத ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. வருடத்துக்கு 1,980 ஆகும் வீட்டுக்கு மாதம் 165 போதும். நீங்கள் 190 கட்டுகிறீர்கள், அதாவது வருடம் 2,280. கோடையில் முன்பணம் சேர்ந்து குளிரில் கரைவது டைரக்ட் டெபிட்டின் வழக்கம். நட்ட நடு ஜனவரியில் 410 பவுண்டு மிச்சம் நிற்பது வழக்கம் இல்லை. வட்டியில்லாமல் அவர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மீட்டர் ரீடிங்கைக் கொடுத்துவிட்டு, மாதத் தொகையை 165க்கு இறக்கவும், 300 பவுண்டைத் திருப்பவும் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் திருப்தியாக இல்லையென்றால் முறையாகப் புகார் கொடுங்கள், எட்டு வாரத்தில் தீராவிட்டால், இந்த மாதிரி புகார்களை விசாரிக்கும் எனர்ஜி ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இனி தம்பி. மின்வெட்டு பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபரில், கேஸ் பற்றாக்குறை வந்தால் சில இடங்களில் மூன்று மணி நேரம் சுழற்சி முறையில் நிறுத்த வேண்டியிருக்கலாம் என்று மின்தொகுப்பை இயக்குபவர்களே எச்சரித்தார்கள். நிறுத்தவில்லை. மாறாக, மாலை நேரத்தில் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குப் பணம் கொடுத்தார்கள். இப்போது அந்தப் பொறுப்பு நெசோ என்ற பொதுத்துறை அமைப்பிடம் இருக்கிறது. இந்தக் குளிர்காலத்துக்குத் தேவையை விட 6.1 கிகாவாட், அதாவது சுமார் 10 சதவீதம் கூடுதல் திறன் இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். 2019-20க்குப் பிறகு இதுதான் அதிகம். நிலையங்கள் ஓடாத நேரத்திலும் தயாராக நிற்பதற்காக அவற்றுக்கு ஏலத்தில் பணம் கொடுக்கும் முறை ஒன்றும் உண்டு, அந்தச் செலவும் உங்கள் பில்லில் ஏற்கெனவே இருக்கிறது. பாதுகாப்புக்கான காப்பீட்டு பிரீமியத்தை நாட்டோடு சேர்ந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கேஸ் சேமிப்பு விஷயத்தில் எனக்குக் கவலை உண்டு. நாட்டின் மிகப்பெரிய கிடங்கான ரஃப் 2017இல் மூடப்பட்டு, 2022இல் ஒரு பகுதி மட்டும் மறுபடி திறந்தது. ஆனால் சேமிப்பு குறைவு என்பது முதலில் விலையில் தெரியும், விளக்கு அணைவதில் தெரிவது அதற்கு வெகு பின்னால்.

நடைமுறையில் வீடுகளில் மின்சாரம் போவது புயலால். 2021 நவம்பரில் ஆர்வென் புயலில் கிட்டத்தட்ட பத்து லட்சம் வீடுகள் இருளில் இருந்தன. அதற்கு பேட்டரி உதவுமா? இங்கேதான் விற்பவர்கள் சொல்லாமல் விடும் சங்கதி. சாதாரணமாகப் பொருத்தும் பல வீட்டு பேட்டரிகள், தெருவில் மின்சாரம் போனால் தாமும் நின்றுவிடும், லைன்மேனின் பாதுகாப்புக்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மின்வெட்டின்போதும் ஓட வேண்டும் என்றால் அதற்கென்று தனி இணைப்பு வேண்டும், அதற்குத் தனிச் செலவு.

பணக் கணக்கும் பொருந்தவில்லை. இரவில் விலை குறையும் டாரிஃபில் 9 பென்ஸுக்கு பேட்டரியை ஏற்றி, தினமும் 7 யூனிட்டைப் பகலில் பயன்படுத்துகிறீர்கள் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஏற்றி இறக்குவதில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் வருடம் 450 பவுண்டு மிச்சமாகலாம். 6,000 திரும்பி வர 13 வருடங்களுக்கு மேல். உத்தரவாதம் வழக்கமாகப் பத்து வருடம். அந்தப் பணத்தை 4 சதவீத வட்டியில் விட்டாலே வருடம் 240. உங்களிடம் மூன்று மாதச் செலவுக்கான அவசர நிதி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த 6,000தான் அது, தொடாதீர்கள். தெற்கு பார்த்த கூரை, பத்து வருடம் அதே வீட்டில் இருக்கும் உறுதி, இரண்டும் இருந்தால் சோலார் பேனலோடு சேர்த்து வேறு கணக்குப் போடலாம். விற்பனை வரி 2027 மார்ச் 31 வரை பூஜ்யம்தான், அவசரம் இல்லை.

மாமியாருக்காக இரண்டு வேலை. ஒன்று, குளிர்கால எரிபொருள் உதவித்தொகை 200 பவுண்டு அவர் கணக்கில் வந்ததா பாருங்கள். அவருடைய சொந்த வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருந்தால் அது அவருக்கே, உங்கள் சம்பளத்தைப் பார்க்க மாட்டார்கள். வராவிட்டால் மார்ச் 31க்குள் விண்ணப்பிக்கலாம். இரண்டாவது, முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் (Priority Services Register) அவர் பெயரைப் பதியுங்கள். இலவசம். மின்சாரம் போனால் 105 என்ற ஃபோன் எண்ணுக்கு அழைத்ததும், வயதானவர் இருக்கும் வீடு என்று மின்கம்பிகளைப் பராமரிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேட்டரி செய்யாத உதவியை இது செய்யும்.

ஸ்மார்ட் மீட்டர் இல்லையென்றால், ஃபிக்ஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மார்ச் 31 மாலை இரண்டு மீட்டரையும் படம் எடுத்து ரீடிங்கை அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏப்ரலில் செலவழித்த யூனிட்டில் கொஞ்சத்தைக் கம்பெனி குத்துமதிப்பாக மார்ச் விலையில் போட்டுவிடும்.