“இதை எப்படிச் சேகரித்தீர்கள்?”

வணக்கம் ஐயா,

எனக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் போன மாதம் ஓய்வு பெற்றார். 35 ஆண்டுப் பணி. வழியனுப்பு விழாவில் அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வாசித்தார்கள். துறையில் உள்ள இளையவர்களைவிடக் குறைவு. அவர் எழுந்து, “நான் பெரும்பாலும் மற்றவர்களுடைய தரவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்களும் புள்ளியியல் படித்தவர். இப்படிப்பட்ட பணிவாழ்வில் கடைசியில் என்ன மிஞ்சுகிறது?

ச.

அன்புள்ள ச.,

அவர் சொன்ன அந்த ஒரு வரியை மறுபடி படித்துப் பாருங்கள். ஒரு புள்ளியியல் பேராசிரியரின் வேலையை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

எனக்கும் அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தார். முதுகலை படிக்கும்போது அவர் அறையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மருத்துவ ஆய்வு மாணவி ஒருவர் தடித்த நோட்டோடு வந்தார். ரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, மருந்து கொடுத்து, சில வாரம் கழித்து மறுபடி அளந்திருந்தார். சராசரி நன்றாகவே இறங்கியிருந்தது. “இதற்கு எந்தச் சோதனை போடணும் சார்?” என்று கேட்டார். சார் சூத்திரத்தின் பக்கமே போகவில்லை. “இதை எப்படிச் சேகரித்தீர்கள்?” என்றார். முதல் அளவீட்டில் உச்சத்தில் இருந்தவர்களை மட்டும் எடுத்ததாகப் பதில் வந்தது. “மருந்து கொடுக்காமல் அளந்தவர்கள் யாராவது?” யாரும் இல்லை.

அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கைப்பிடி பகடைகளை எடுத்து உருட்டினார். 5, 6 விழுந்தவற்றை மட்டும் ஒதுக்கி, “இவைதான் உங்கள் நோயாளிகள். இப்போது நீங்கள் உருட்டுங்கள்” என்றார். அந்த மாணவி உருட்டினார். 2, 5, 1, 3. மருந்தே இல்லாமல் சராசரி பாதியாகிவிட்டது.

ரத்த அழுத்தம் முழுக்கப் பகடை அல்ல. அதில் ஒரு பங்கு அந்த ஆளுக்கே உரியது, இன்னொரு பங்கு அன்றைய ஏற்ற இறக்கம். உச்சத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கும்போது, அன்றைக்குத் தற்செயலாக எகிறியிருந்தவர்களும் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். மறுமுறை அளந்தால் சராசரி தானாகவே கொஞ்சம் இறங்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரம் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இறங்கும் இதே போக்கைத்தான் ஆங்கிலேய அறிஞர் கால்ட்டன் 1886-ல் எழுதினார். மருந்து வேலை செய்யவில்லை என்று சார் சொல்லவில்லை. இந்தத் தரவை வைத்து அதைச் சொல்ல முடியாது என்றார். அந்த மாணவி ஒப்பீட்டுக் குழுவோடு, குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து, முதலிலிருந்து தொடங்கினார். அவருடைய ஆய்வேட்டில் சாருக்கு நன்றியுரையில் ஒரு வரி கிடைத்தது. ஒரு தவறான முடிவு அச்சில் ஏறாமல் போனதே, அது யாருடைய தன்விவரப் பட்டியலில் வரும்? உங்கள் பேராசிரியர் 35 ஆண்டில் இப்படி எத்தனை நோட்டுகளைத் திறந்து பார்த்திருப்பார், யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலையின் கஷ்டத்தை 1938-லேயே இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஃபிஷர் சொல்லிவிட்டார். ஆய்வை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரிடம் வருவது பல நேரம் பிரேதப் பரிசோதனை கேட்பது போலத்தான். ஆய்வு எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவரால் சொல்ல முடியும் என்றார். அப்படியும் பெரும்பாலானவர்கள் முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வருகிறவரின் மனம் நோகாமல் அதைச் சொல்லி, அடுத்த முறை தொடங்கும் முன்பே வர வைப்பது தனித் திறமை.

வகுப்பறையையும் சொல்ல வேண்டும். இந்தியப் புள்ளியியலாளர் சி.ஆர்.ராவ் இளம் ஆசிரியராகக் கல்கத்தாவில் மதிப்பீட்டியல் (கையில் உள்ள மாதிரியை வைத்து முழுத் தொகுதியின் அளவுகளைக் கணிக்கும் பாடம்) நடத்திக்கொண்டிருந்தபோது, பெரிய மாதிரிகளுக்கு ஃபிஷர் சொன்ன முடிவு சிறிய மாதிரிகளுக்கும் பொருந்துமா என்று ஒரு மாணவர் கேட்டார். ராவ் அன்றிரவே உட்கார்ந்து நிறுவினார். 1945-ல் அச்சான அந்தக் கட்டுரையில் இருப்பதுதான், ஒரு மதிப்பீட்டின் சிதறல் எவ்வளவுதான் குறைய முடியும் என்று சொல்லும், இன்று உலகமே படிக்கும் கிராமர்–ராவ் கீழ்வரம்பு. 2023-ல் பன்னாட்டுப் புள்ளியியல் பரிசு பெற்றபோது அவருக்கு வயது 102. எல்லா ஆசிரியரும் ராவ் ஆகிவிட முடியாது, அது சரி. ஆனால் மாணவர் பயமில்லாமல் கேட்கிற வகுப்பை நடத்துவது எந்த ஆசிரியராலும் முடியும். நீங்கள் இவ்வளவு அக்கறையோடு எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் நடத்தியதும் அப்படிப்பட்ட வகுப்பாகத்தான் இருக்கும்.

கட்டுரை எண்ணிக்கையை மேடையில் வாசித்தது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. எதை அளக்கிறோம், அது நாம் அறிய நினைப்பதைக் காட்டுகிறதா என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனிதரை, எண்ணச் சுலபமான ஒன்றை வைத்து அளந்திருக்கிறார்கள்.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. அவரைப் பார்க்கப் போகும்போது வெறும் நலம் விசாரித்துவிட்டு வராதீர்கள். உங்கள் வேலையில் இழுத்தடிக்கும் தரவு ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். அழகுபடுத்த வேண்டாம். விடுபட்ட கட்டங்கள், அடித்துத் திருத்தியவை, சந்தேகமான எண்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் கேட்கும் வரை காத்திருங்கள்.