ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடுமா?

கேள்வி: கையடக்க மூச்சுக் கருவி ஒன்றை மூன்று வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். 1 வந்தால் உடல் கொழுப்பை எரிக்கிறது, 5 வந்தால் மாவுச்சத்தை எரிக்கிறது என்பது அதன் கணக்கு. மதிய உணவுக்கு முன் 2 காட்டிய கருவி, உண்டு ஒரு மணி நேரம் கழித்து 4 காட்டியது. நம்ப முடியாமல் உடனே இரண்டு முறை ஊதினேன். 3, பிறகு 2 என்று இறங்கிவிட்டது. எதை நம்புவது? 4 என்றால் உண்டதெல்லாம் கொழுப்பாகச் சேர்கிறது என்று பொருளா?

பதில்: உண்ட பிறகு வந்த எண்களில் முதலில் வந்த 4-ஐ மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் பெரும்பாலும் நீங்கள் ஊதிய விதத்தைக் காட்டுபவை. உங்கள் கருவி அளப்பது மூச்சில் உள்ள கரியமில வாயுவை. அது நம் உடலில், முக்கியமாக இரத்தத்தில் பைகார்பனேட்டாக, எப்போதும் இருப்பில் இருக்கிறது. ஆழமாக இழுத்து முழுவதுமாக ஊதுவதை இடைவெளியின்றித் திரும்பத் திரும்பச் செய்தால், உற்பத்தியாவதைவிட வெளியேறுவது மிகுந்து, அடுத்த மூச்சில் அந்த வாயு குறைகிறது. அதைக் கருவி 'கொழுப்பு எரிகிறது' என்று புரிந்துகொள்கிறது. மாடிப்படி ஏறி வந்தவுடன் ஊதினாலும் இதே போன்ற குழப்பம்தான்.

இக்கருவிகளுக்கு அடிப்படையான கருத்தில் பிழையில்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு எரிய 6 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகி, 6 கரியமில வாயு மூலக்கூறுகள் வெளிவருகின்றன. ஆகவே சுவாச ஈவு, அதாவது வெளிவரும் கரியமில வாயுவைச் செலவாகும் ஆக்சிஜனால் வகுத்தால் வரும் எண், 1 (கருவி காட்டும் 1 வேறு). பால்மிடிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்துக்கோ 23 செலவாகி 16 மட்டுமே வெளிவருவதால் ஈவு ஏறத்தாழ 0.7. ஆய்வகத்தில் முகமூடி அணிவித்தோ, தலைக்கு மேல் ஒளிபுகும் கவிகை பொருத்தியோ, பல நிமிடங்களுக்கு இரு வாயுக்களையும் அளந்துதான் இந்த ஈவைக் கணக்கிடுவார்கள். உங்களுடையதைப் போன்ற கருவிகள் ஆக்சிஜனை அளக்காமல், ஒரே மூச்சில் உள்ள கரியமில வாயுவைக் கொண்டு மீதியை ஊகிக்கின்றன. வரவை மட்டும் பார்த்துச் செலவை எழுதிவிடும் கணக்குப்பிள்ளையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, 4 என்ற எண்ணைக் கண்டு நீங்கள் கலங்க வேண்டியதில்லை. மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பின் இன்சுலின் உயர்ந்து, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் வெளிவருவதைத் தடுத்து, குளுக்கோஸை முதலில் எரிக்கச் செய்கிறது. சில மணி நேரத்தில் ஈவு தானாகவே இறங்கும். மாறாக, மாவுச்சத்து குறைந்த, எண்ணெய் மிகுந்த உணவை வயிறு நிறைய உண்டாலும் கருவி 2 காட்டக்கூடும். அதனால் எடை குறைகிறது என்று ஆகிவிடாது. எரிபொருட்களின் விகிதத்தைத்தான் இந்த எண் சொல்லும், எரிந்த அளவைச் சொல்லாது. கலப்பு உணவொன்றைச் செரித்து உட்கொள்ளவே அதன் ஆற்றலில் ஏறத்தாழ 10 சதவீதம் செலவாகிறது. புரதத்துக்கு மட்டும் இது 20 முதல் 30 சதவீதம் வரை போகும். அச்செலவை அறிய உட்கொண்ட ஆக்சிஜனின் அளவு தெரிய வேண்டும் என்பதால், உங்கள் கருவியால் அதைக் காட்ட இயலாது.

காலையில் எழுந்து எதுவும் உண்ணாமல், பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் ஊதுங்கள். உணவுக்குப் பின் பார்ப்பதானால் எல்லா நாளும் அதே இடைவெளியில் பாருங்கள். ஒரு நாளின் எண்ணைவிட இரண்டு மூன்று வாரங்களின் போக்கே பயன் தரும்.

கேள்வி: என் அப்பாவுக்கு இன்சுலின் ஊசி போடும் அளவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அசிட்டோனை அளக்கும் மூச்சுக் கருவியை வாங்கிக் கொடுத்தால், உணவுக்குப் பின் விரலில் குத்திப் பார்ப்பதை அவர் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. கொழுப்பு மிகுதியாகச் சிதையும்போது கல்லீரலில் உண்டாகும் கீட்டோன்களில் ஒரு பகுதி அசிட்டோனாக மாறி மூச்சில் வருகிறது. இரத்தச் சர்க்கரை எவ்வளவு என்பதை அது காட்டுவதில்லை. பட்டினியிலும் அசிட்டோன் உயரும். இன்சுலின் போதாமல் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறிவிட்ட கீட்டோன் அமிலத்தேக்க நிலையிலும் உயரும். முன்னது இயல்பானது, பின்னது உயிருக்கே ஆபத்தானது. கருவியில் இரண்டுமே உயர்ந்த எண்ணாகத்தான் தெரியும். மேலும், மலிவான உணரிகள் சில, ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பு நீரின் ஆவியையும் அசிட்டோன் என்றே எண்ணிவிடுகின்றன. ஊசியின் அளவை இரத்தப் பரிசோதனையைக் கொண்டு, மருத்துவர் சொன்னபடியே முடிவு செய்ய வேண்டும். அப்பாவுக்கு வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு ஆகியவற்றோடு மூச்சில் பழ வாசனையும் தெரிந்தால், கருவியைத் தேடிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.