சிரிக்கிறவரும் துடைக்கிறவரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை. நாமக்கல்லில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மனைவி திருமணத்துக்கு முன்பு பள்ளி ஆசிரியை. இப்போது வீட்டில் இருக்கிறாள். மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. படு சுட்டி. போன வாரம் ஆட்டி வைத்திருந்த இட்லி மாவுக்குள் தன் பொம்மைக் காரை இறக்கிவிட்டான். கேட்டால், “கார் குளிக்கிறது” என்கிறான். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. செல்பேசியில் படம் எடுத்துப்போய் அலுவலகத்தில் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்று முழுவதும் என்னோடு பேசவும் இல்லை.

இப்போதெல்லாம் அவன் எது செய்தாலும் அவளுக்குக் கோபம் வருகிறது. “இந்த வயது திரும்பி வராது, ரசிக்கக் கற்றுக்கொள்” என்றேன். “நாளைக்கு ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் நீங்களே ரசியுங்கள்” என்கிறாள். என் அம்மாவோ, “நான் நான்கு பிள்ளைகளை வளர்த்தேன், ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை” என்கிறார்.

குழந்தை வளர்ப்பில் உள்ள வேடிக்கையை ரசிக்கும் மனம் இன்றைய பெண்களுக்குக் குறைந்துவிட்டதா? இன்னொன்று, அவனுக்குச் சோறு ஊட்டும்போது செல்பேசியைக் காட்டுகிறாள். அது தவறுதானே? நீங்கள் சொன்னால் கேட்பாள். பெயர் வெளியிட வேண்டாம்.

— நாமக்கல் வாசகர்

அன்புள்ள தம்பி,

“கார் குளிக்கிறது” என்ற இடத்தில் நானும் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு கடிதத்தை மறுபடி வாசித்தேன். கார் மாவுக்குள் போனது இருக்கிறது. நீங்கள் படம் எடுத்தது இருக்கிறது. அலுவலகமே சிரித்தது இருக்கிறது. அந்த மாவு என்ன ஆயிற்று என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

நீங்கள் பஸ் பிடிக்கப் போன பிறகு நடந்ததை என்னால் ஏறக்குறைய சொல்லிவிட முடியும். தரையெல்லாம் ஓடிய கார் அது. சக்கரத்தில் தலைமுடி சுற்றியிருக்கும். ஆகவே மேலாக வழித்து எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, மொத்தத்தையும் கொட்டியாக வேண்டும். அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, ஆட்டி, கல்லுப்புப் போட்டுக் கையால் கரைத்து, பொங்கியதா என்று எட்டிப் பார்த்து வைத்த மூன்று நாளைக்கான மாவு அது. அடுத்தது பையன். முழங்கை வரை மாவு. தூக்கினால் அவள் நைட்டியிலும் மாவு. குளிப்பாட்ட அழைத்துப் போனால் கார் வராமல் அவன் வர மாட்டான். காரின் இடுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்து சமையலறைக்குத் திரும்பினால் தரையில் சிந்தியது காய்ந்திருக்கும். காய்ந்த இட்லி மாவைத் துடைத்துப் பார்த்திருக்கிறீர்களா? துடைத்தால் வராது. ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு, நகத்தால் சுரண்ட வேண்டும். டைல்ஸ் இடுக்கில் போனது அங்கேயே இருந்து புளிக்கும். மறுநாள் எறும்பு வந்து மிச்சத்தைக் காட்டிக்கொடுக்கும். இவ்வளவுக்கும் நடுவில் அவன் அரிசி டிரம்மைத் திறந்திருப்பான்.

அதன் பிறகுதான் நீங்கள் மாலையில் வீட்டுக்கு வந்து, ஆபீசில் எல்லோரும் எப்படிச் சிரித்தார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஒரு நீண்ட மரபில் வருகிறீர்கள். பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாட்டு (188) பள்ளியில் படித்திருப்பீர்கள். குறுகுறுவென்று நடந்து, சிறுகை நீட்டி, நெய்ச்சோற்றை இட்டும் தொட்டும் கவ்வியும் துழாவியும் உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் பிள்ளைகள் இல்லாதவர்க்கு வாழ்ந்த நாளில் பயனே இல்லை என்கிறான். பிள்ளையின் கையைக் கிட்டே நின்று பார்த்தவனால் மட்டுமே அப்படி எழுத முடியும். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு. ஆனால் எழுதியவன் அரசன். அந்த நெய்யை யார் துடைத்தார் என்று பாட்டில் இல்லை. நெய், மாவைவிட மோசம், வழுக்கும்.

சார்லஸ் டார்வினும் இந்த ரகம்தான். 1839-ல் மூத்த மகன் வில்லியம் பிறந்ததும் குறிப்பேட்டைத் திறந்து, அவன் தும்மியது, முறைத்தது எல்லாவற்றையும் எழுதத் தொடங்கினார். அதை 1877-ல் கட்டுரையாக வெளியிட்டார். இரண்டேகால் வயதில் தன்னைச் சீண்டியவர்கள் மேல் புத்தகம், குச்சி என்று கையில் கிடைத்ததை வீசுவதில் பையன் கைதேர்ந்துவிட்டானாம். அருமையான கவனிப்பு. நான் அந்த மாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1842, மார்ச் வாக்கில் வரும். அப்போது எம்மா டார்வினுக்குக் கையில் ஒரு வயதுப் பெண் குழந்தை, வயிற்றில் மூன்றாவது. வீட்டில் செவிலிகள் இருந்தார்கள், மறுக்கவில்லை. வீசிய புத்தகத்தைக் குனிந்து எடுத்தது விஞ்ஞானியாக இருந்திருக்காது என்பது மட்டும் என் ஊகம்.

உங்களுக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால் ஒரு கணக்கும் சொல்கிறேன். மத்திய அரசு 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அப்போது செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். “ஈடுபடும் ஆண்கள்” என்பதைக் கவனியுங்கள். அப்படி ஈடுபட்டவர்களே அப்போது நூற்றுக்கு இருபத்தாறு பேர்தான். இருநூறு நிமிட வித்தியாசத்தில் உங்கள் மனைவியின் நகைச்சுவை உணர்வு எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது.

உங்கள் அம்மா சொல்வதையும் பார்க்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை, மறந்திருக்கிறார். அவர் காலத்துப் பிள்ளையைத் தெருவே பார்த்துக்கொண்டது. திண்ணையில் ஒரு பாட்டி, அடுத்த வீட்டில் ஒரு அத்தை, இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைய எட்டு வயதில் ஒரு அக்கா. பிள்ளை காலையில் நடை தாண்டினால் பசிக்கும்போதுதான் திரும்பும். உங்கள் மனைவிக்கு இரண்டு அறையும் பூட்டிய கதவும் ஒரு பையனும். அம்மா நல்ல மனநிலையில் இருக்கும்போது, நான்கு பேரில் யாரைப் பழைய புடவையால் தூணில் கட்டிப்போட்டுவிட்டுச் சமைத்தார் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் அது நீங்களாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல், உங்கள் சிரிப்புக்கு விலை இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்பாவின் சிரிப்பைவிடப் பெரிய பரிசு கிடையாது. ஒருமுறை சிரித்தால் அதே காரியத்தை அவன் மறுபடி செய்து காட்டுவான். நீங்கள் சிரிக்கவில்லையென்றால், பார்க்கவில்லையோ என்று இன்னும் பெரிதாகச் செய்வான். படம் வேறு எடுத்திருக்கிறீர்கள். அவனைப் பொறுத்தவரை மாவுக்குள் கார் ஓட்டுவது அரசு அங்கீகாரம் பெற்ற கலை. அடுத்த காட்சி நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது நடக்கும். அதற்கு அவள் கத்துவாள். அப்பா சிரித்ததற்கு அம்மா ஏன் கத்துகிறாள் என்று அவனுக்கு விளங்காது. “அம்மா கெட்ட அம்மா” என்பான். அதையும் நீங்கள் ரசிப்பீர்கள்.

உங்கள் மனைவி சிரிப்பதே இல்லை என்பதை நான் நம்பவில்லை. என் பேரன் ஒருநாள் மதியம் சோபாவில் கால்மேல் கால் போட்டுப் படுத்து, வயிற்றின் மேல் டிவி ரிமோட்டை வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி “காபி” என்றானாம். கொஞ்சம் பொறுத்து, “சர்க்கரை கம்மி” என்றும் சொன்னானாம். என் மகள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள். எனக்குச் சொன்னாள், தங்கைக்குச் சொன்னாள், எதிர்வீட்டுப் பெண்ணுக்குச் சொன்னாள். மருமகனுக்கு மட்டும் சொல்லவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படிச் சில இருக்கும். உங்கள் காதுக்கு வராததற்குக் காரணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது ஒன்று சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியை அவர் பிறந்த வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ அனுப்பி வையுங்கள். உங்கள் அம்மாவையும் கூடவே அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் தேர்வு செல்லாது. போகிறவர் கையில் செல்பேசி இருக்கலாம், ஆனால் நீங்கள் கூப்பிடக்கூடாது. பால் பவுடர் எங்கே, அவன் நீலச் சட்டை எங்கே என்பதெல்லாம் உங்கள் வீட்டுக்குள்ளேதான் இருக்கின்றன.

முதலில் அவனுக்கு உடை மாற்ற வேண்டும். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வா என்று நிலவைக் கூப்பிடுவார்கள். சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு வழியிலும் கூப்பிடுவது மரபு. அரசர்களுக்குச் சொன்ன அந்த நான்கையும் உங்கள் மனைவி தினமும் காலையில் ஒரு ஜட்டிக்காகச் செலவழிக்கிறார். தங்கமே, ராஜாவே என்பது சாமம். பிஸ்கட் தருகிறேன் என்பது தானம். சரி, இந்தச் சட்டையை எதிர்வீட்டுத் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்பது பேதம். ஊசி போடுகிற டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்பது தண்டம். (கடைசியை நீங்கள் பயன்படுத்த வேண்டாம். பிறகு உண்மையிலேயே ஊசிக்குப் போகும்போது அந்த ஆஸ்பத்திரியே அதிரும்.) எவ்வளவு பாடியும் நிலவு இறங்கி வந்ததில்லை. உங்கள் மகன் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருவானா என்று பாருங்கள்.

பிறகு ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொள்வான், திருத்தினால் கழற்றி எறிவான், அப்படியே விட்டுவிடுங்கள். பதினெட்டு அடி ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்ததும் கேள்வி தொடங்கும். மேலே ஏன் கூரை இல்லை? மழை பெய்தால் நனைய மாட்டாரா? குடை யார் பிடிப்பார்கள்? சளி பிடிக்காதா? சளி பிடித்தால் ஊசி போடுவார்களா? எங்கே போடுவார்கள்? அவன் கையால் இடத்தையும் காட்டுவான், கொஞ்சம் சத்தமாகவும் கேட்பான். வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். நீங்களும் சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான், தீபாராதனைக்கு மணி அடிக்கும்போது, அவனுக்கு ஒன்றுக்கு வரும். அரை மணிக்கு முன்பு வீட்டில் கேட்டபோது வரவில்லை என்று சத்தியம் செய்திருப்பான். மாற்று டிரவுசர் எடுத்துப் போயிருந்தால் உங்களுக்கு நூற்றுக்கு நாற்பது மதிப்பெண். வீடு திரும்பும்போது தோளில் தூங்கிவிடுவான், கட்டிலில் கிடத்தியதும் எழுந்துகொள்வான். மாலை மனைவி வந்ததும் இதையெல்லாம் அவரிடம் சொல்லுங்கள். அவர் சிரிப்பாரா மாட்டாரா என்று பாருங்கள். எனக்கு ஐயமே இல்லை. அன்றைக்கு அவர் கை ஓய்வாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடித்துக்கொண்டு, அதையே ஆறு மாதம் சொல்லிக் காட்டுகிற அப்பாக்களை நான் அறிவேன். அந்தப் பட்டியலில் சேராதீர்கள்.

கடைசியாக அந்தச் செல்பேசி. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம், அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. எனக்கும் அதுவே கருத்து. படம் பார்த்துக்கொண்டு வாய் திறக்கும் பிள்ளை, சோற்றையும் கவனிப்பதில்லை, வயிறு நிறைந்ததையும் கவனிப்பதில்லை. ஆனாலும் உங்கள் சார்பில் உங்கள் மனைவிக்கு நான் இதைச் சொல்லப்போவதில்லை. செல்பேசி இருந்தால் பத்து நிமிடத்தில் முடிகிற சாப்பாடு, இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம் இழுக்கும். அந்த முக்கால் மணி நேரத்தை யார் கொடுக்கிறாரோ அவரே செல்பேசி வேண்டாம் என்று முடிவு செய்யட்டும். நீங்கள் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள் என்றால் இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்பேசியும் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். பருப்புச் சாதத்தில் தொடங்குங்கள். ரசம் சாதம் இப்போதைக்கு வேண்டாம், ஆபீஸ் சட்டை தாங்காது.

அன்புடன்.